கார்டு டெட் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால்

“புது கார்டு போட்டேன், வேலை செய்யல, கார்டு டெட்” என்று சொல்லிக்கொண்டு என் மேஜைக்கு வரும் கார்டுகளில் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டோ, வைஃபை கார்டோ, கூடுதல் யுஎஸ்பி போர்ட்டுக்கான கார்டோ, எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். போடுவார்கள், ஆன் செய்வார்கள், ஒன்றும் வராது. உடனே டிரைவரை (கார்டை இயக்க விண்டோஸுக்குத் தேவையான மென்பொருளை) தேடி இறக்குவது, அதிலும் சரியாகவில்லை என்றால் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. விண்டோஸுக்கு முன்னாலேயே எழும் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) கண்ணுக்கே கார்டு படாதபோது விண்டோஸை மாற்றி என்ன ஆகப்போகிறது?

முதலில் கேபினெட்டைத் திறங்கள். திறப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் மட்டும் போதாது, ஏனென்றால் பிளக் செருகியிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமும் வடிந்துவிடும். கேபினெட்டில் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் சேரும் ஸ்டாடிக் மின்சாரம் நமக்கு ‘சுருக்’ என்று உறைக்கவே சுமார் 3000 வோல்ட் வேண்டும், சிப்பைக் கெடுக்க அதில் ஒரு சின்னப் பங்கே போதும்.

சரி, கார்டு ஸ்லாட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா? “நல்லா அழுத்தித்தான் சார் போட்டேன்” என்பார்கள். அழுத்தியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோளாறு அதற்கு அடுத்த வேலையில்தான் வருகிறது. கார்டின் ஓரத்தில் இருக்கும் தகட்டைக் கேபினெட்டின் பின்பக்கம் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவோம் இல்லையா, மெல்லிய தகரத்தில் செய்த கேபினெட்டில் அந்த இடம் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஸ்க்ரூவை முறுக்க முறுக்கத் தகடு அந்தப் பக்கம் இழுபட்டு, கார்டின் மறுமுனை ஸ்லாட்டை விட்டு மெல்ல மேலே எழும்பும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. குனிந்து, கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய், டார்ச் அடித்துப் பாருங்கள். கார்டின் அடியில் இருக்கும் தங்க நிறப் பட்டை ஒரு முனையில் மறைந்தும் மறுமுனையில் லேசாக வெளியே தெரிந்தும் இருந்தால் கார்டு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு நேராக அழுத்துங்கள். பெரிய ஸ்லாட் என்றால் கடைசியில் இருக்கும் லாக் ‘டிக்’ என்று விழ வேண்டும், அப்புறம்தான் ஸ்க்ரூ. தகட்டின் அடியில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அது மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் இறங்காமல் தகரத்தில் முட்டிக்கொண்டு நின்றாலும் இதே கதைதான்.

கார்டின் பட்டையை ரப்பர் வைத்துத் தேய்ப்பது ரொம்ப நாள் பழக்கம். பழைய கார்டுக்கு அது உதவியதை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் புதுக் கார்டில் வேண்டாம். தங்கப் பூச்சு மிக மெல்லியது, போதாததற்கு ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

அடுத்தது பவர். கார்டு வேலை செய்யாமல் போவது ஒன்று, வேலை செய்யாத கார்டைச் சரிசெய்யப்போய் மதர்போர்டையும் சேர்த்து எரிப்பது இன்னொன்று. இரண்டாவது எப்போதும் இங்கேதான் நடக்கிறது. பெரிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். அதற்கு மேல் கேட்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள் வேண்டும்: 6 பின் கனெக்டர் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். கேபிள் போடாவிட்டாலும் சில கார்டுகளில் ஃபேன் சுற்றும், அதைப் பார்த்துவிட்டு பவர் வருகிறது என்று நம்பி மற்ற இடத்திலெல்லாம் தேடுவார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 8 பின் கேபிள் இரண்டு வகையாக வரும். 4+4 என்று பிரிவது ப்ராசசருக்கு, 6+2 என்று பிரிவது கார்டுக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட் வரிசையும் கிரவுண்டு வரிசையும் ஒன்றில் இருப்பதற்கு மற்றதில் நேர்மாறு. மாறிப் போகக்கூடாது என்பதற்காகவே பின்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைச் சதுரமாகவும் மூலை மழுங்கியதாகவும் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறார்கள். எளிதில் உள்ளே போகவில்லை என்றால் அது தப்பான கேபிள், அழுத்தாதீர்கள்.

இதைவிட மோசமானது மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபிளை எஸ்எம்பிஎஸ் பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய வகை. கேபிளின் கார்டுப் பக்க முனைக்குத்தான் பொதுவான விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு அப்படி எதுவும் கிடையாது, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வயரை அடுக்கிக்கொள்ளலாம், ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே அழகாகக் கட்டி வைத்திருக்கும் பழைய கேபிளை அப்படியே விட்டுவிடுவார்கள். கச்சிதமாகப் பொருந்தும், எந்த முரண்டும் பிடிக்காது, ஆன் செய்தவுடன் கருகின வாசனை வரும். தயவுசெய்து கேபிளையும் மாற்றுங்கள்.

புதிய பெரிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் 600 வாட் வரை தாங்கும். 2022-இல் இந்த முனை உருகிப்போன படங்கள் நிறைய வந்தன, முழுதாகச் செருகாமல் விட்டது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. பிறகு வந்த திருத்திய வடிவத்தில், அரைகுறையாகச் செருகினால் கார்டு பவர் எடுக்காதபடி, கேபிள் இணைந்திருக்கிறதா என்று கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள். எந்த வடிவமாக இருந்தாலும் இடைவெளியே தெரியாத அளவுக்கு உள்ளே தள்ளுங்கள், முனைக்குப் பக்கத்திலேயே கேபிளை மடக்காதீர்கள்.

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டிலா என்பதையும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், வாராவாரம் நடக்கிறது.

வைஃபை கார்டு போட்டவர்கள் “வைஃபை வருது, ப்ளூடூத் மட்டும் காணோம்” என்பார்கள். வைஃபை மட்டும்தான் ஸ்லாட் வழியாகப் போகிறது, ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகப் போகிறது. பெட்டியில் ஒரு சின்ன கேபிள் கொடுத்திருப்பார்கள், அதை மதர்போர்டில் உள்ள 9 பின் யுஎஸ்பி ஹெடரில் (போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பின் வரிசையில்) செருக வேண்டும். பெரும்பாலும் அது பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கார்டு தெரியவில்லையா? மதர்போர்டு மேனுவலை எடுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் (சின்ன எஸ்எஸ்டி படுத்தாற்போல் உட்காரும் இடம்) எஸ்எஸ்டி போட்டால் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டோ, ஹார்டு டிஸ்க் மாட்டும் சில சாட்டா போர்ட்டுகளோ அணைந்துவிடும். இரண்டும் ஒரே லேனை (டேட்டா போகும் பாதையை) பங்கு போடுவதால் அப்படி. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

ரொம்பப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு, யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) முறையில் மட்டும் ஓடும்படி அமைத்த போர்டில் டிஸ்ப்ளே தராமல் போகலாம், போர்டில் வசதி இருந்தால் பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையையும் ஏற்கும் அமைப்பு) ஆன் செய்ய வேண்டிவரும். ஆனால் சிஎஸ்எம், செக்யூர் பூட் போன்ற பயாஸ் அமைப்புகளைத் தொடுவதற்கு முன்னால், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அமைப்பு மாறினால் விண்டோஸ் அந்த ரெகவரி கீயைக் கேட்கலாம், கீ இல்லை என்றால் டேட்டா போகக்கூடும். கார்டு பிரச்சினையோடு வந்தவர் டேட்டா பிரச்சினையோடு திரும்புவது எனக்குப் பிடிக்காத காட்சி.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டரில் உள்ள பாகங்களின் பட்டியல்) மஞ்சள் அடையாளத்தோடு கார்டு தெரிகிறது என்றால் சந்தோஷப்படுங்கள், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அங்கே காட்டும் எரர் கோடைப் பாருங்கள். கோட் 28 என்றால் டிரைவர் இல்லை, அவ்வளவுதான். கோட் 12 என்றால் கார்டுக்கு ஒதுக்க வளம் போதவில்லை, பயாஸில் ‘அபவ் 4ஜி டீகோடிங்’ ஆன் செய்து பாருங்கள். கோட் 43 என்றால் கார்டு ஏதோ கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள், பவர் கேபிளையும் இன்னொருமுறை பாருங்கள். என்ன கார்டு என்றே தெரியவில்லை என்றால் ஹார்டுவேர் ஐடியில் வென்டர் எண் இருக்கும்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. டிரைவரை அந்தந்தத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், எல்லா டிரைவரையும் தானே கண்டுபிடித்துப் போடுகிறேன் என்று வரும் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

இத்தனைக்கும் வரவில்லை என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கம்ப்யூட்டரில் அதே கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் ஸ்லாட்டையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ சந்தேகப்படுங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் கார்டை வாரன்டிக்கு அனுப்பலாம், சீரியல் எண் ஸ்டிக்கரைக் கிழிக்காமல், பெட்டிக்குள் இருந்த அதே ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டு.