டைஜோபு: ‘சரி’ எப்போது ‘வேண்டாம்’ ஆகிறது?

ஜப்பானில் கடையில் பொருள் வாங்கும்போது கல்லாவில் இருப்பவர் பை வேண்டுமா என்று கேட்கிறார். ‘சரி’ என்று பொருள் படித்த நினைவில் ‘டைஜோபு டெஸ்’ என்கிறீர்கள். பை வராது. அந்த இடத்தில் அதற்கு ‘வேண்டாம்’ என்று பொருள்.

இது சீனத்திலிருந்து வந்த சொல். ‘டை’ பெரிய, ‘ஜோ’ ஒரு நீட்டளவை, ‘பு’ ஆண். இன்றைய ஜப்பானிய ஜோ சுமார் 3.03 மீட்டர், பழஞ்சீனத்தில் அது ஏறக்குறைய ஓர் ஆள் உயரந்தான். ஆகவே ‘ஜோபு’ வளர்ந்த ஆண், ‘டைஜோபு’ பெருமகன். செல்வத்தில் மயங்காதவன், வறுமையில் மாறாதவன், அதிகாரத்துக்கு வளையாதவன் என்று பழஞ்சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் அவனுக்கு இலக்கணம் சொல்கிறார். பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் ‘மகாபுருஷர்’ என்பதற்கும் இச்சொல்லையே வைத்தார்கள். ஜப்பானில் போகப் போக ஆள் மறைந்து உறுதி மட்டும் தங்கிவிட்டது. ‘ஜோபுனா கபான்’ என்றால் நெடுநாள் உழைக்கும் பை. உறுதியிலிருந்து ‘ஆபத்தில்லை’, அதிலிருந்து ‘தடையில்லை’.

மறுப்புப் பொருள் அண்மையில் பரவியது. ‘அது இல்லாமலே எனக்குக் குறையில்லை’ என்பது உட்கிடை. மூத்தவர்களில் சிலருக்கு இந்த வழக்கு பிடிப்பதில்லை, குழப்புகிறது என்பார்கள். குழப்பத்தான் செய்கிறது. 2020 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு என்றானதால், கேள்வியும் இந்தப் பதிலும் அன்றாடம் காதில் விழுகின்றன. பை வேண்டுமென்றால் ‘ஒனெகாய் ஷிமஸ்’, வேண்டாமென்றால் ‘ஈயெ, கெக்கோ டெஸ்’ என்பது ஐயமற்றது. ‘ஹாய், டைஜோபு டெஸ்’ மட்டும் வேண்டாம். ‘ஹாய்’ ஆமாம் என்கிறது, மற்றது மறுக்கிறது.

கீழே விழுந்தவரிடம் ‘டைஜோபு டெஸ் கா?’ என்றால் ‘ஒன்றும் ஆகலையே?’. வலித்தாலும் ‘டைஜோபு’ என்று பதில் சொல்வது அங்கே பழக்கம். உண்மை நிலை தெரியவேண்டுமானால் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்: ‘தொக்கொ கா இத்தாய் டெஸ் கா?’

தமிழில் மிக நெருங்கி வருவது ‘பரவாயில்லை’. மன்னிப்புக்குப் பதிலாகவும், காபி வேண்டுமா என்றால் நாசூக்காக மறுக்கவும் இரண்டுமே பொருந்தும். ஆனால் ‘பரவா’ பாரசீகச் சொல், உருது வழியாக வந்தது. தனித்தமிழ் வேண்டுவோர் இடத்துக்கேற்ப ‘தாழ்வில்லை’, ‘குறையில்லை’ எனலாம். ஓரிடத்தில் மட்டும் ஒத்துவராது: ‘சாப்பாடு பரவாயில்லை’ என்பதை டைஜோபு என்று பெயர்த்தால், கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம் என்றாகிவிடும். சுமார் ரகம் என்று சொல்ல ‘மாமா’ என்ற வேறு சொல் இருக்கிறது. இரண்டு ‘மா’வும் நெடில்.

அலுவலகத்தில் மேலாளரிடம் ‘இது சரியா?’ என்று கேட்க டைஜோபு மரியாதை குறைந்து தொனிக்கும். அங்கே ‘யொரொஷீ டெஷோ கா’ என்பதே முறை.