சோகி விழும் ஓசையும் மூளையின் கணக்கும்

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "கோப்பை கழுவினால் ஒரு சோகி (சோழி), முற்றம் கூட்டினால் இரண்டு என்று எட்டு வயது மகளுக்கு வைத்தேன், இருபது சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் ஐஸ்கிறீம். முதல் இரண்டு கிழமை ஓடி ஓடிச் செய்தவள், இப்போது விளக்குமாற்றைத் தொடவே சிணுங்குகிறாள். செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் கேட்காமலேயே செய்கிறாள். அதற்கும் சோகி கொடுக்கலாமா?"

பிள்ளை சோம்பினால் குறிப்பைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் போகும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அங்கே சொல்லப்படும் கிரகதோஷம் கடைசியில் பிள்ளையின் குணமாகவே ஒட்டிக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்த மகளிடம் பிழை ஒன்றும் இல்லை.

சோகிக்குத் தன்னளவில் பெறுமதி கிடையாது. அதைக் கொடுத்து எதை வாங்கலாம் என்பதே அதன் பெறுமதி. 1936 இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வோல்ஃப் இதைச் சிம்பன்சிகளிடம் காட்டினார்: வெள்ளை வில்லையை இயந்திரத்தில் போட்டால் ஒரு திராட்சை, நீலத்துக்கு இரண்டு, பித்தளைக்கு ஒன்றுமில்லை, அவை பித்தளையை ஒதுக்கக் கற்றுக்கொண்டன. 1960களில் அய்லோன், அஸ்ரின் ஆகிய இருவரும் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் மனநல மருத்துவமனையொன்றின் நோயாளிகளிடம் இதே வில்லை முறையைக் கையாண்டனர்.

செவ்வாய்க்கிழமை கழுவிய கோப்பைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிறீமுக்கும் இடையே ஐந்து நாள். எட்டு வயதில் அது பெரிய தூரம். போத்தலுக்குள் 'டிங்' என்று விழும் சோகி அந்தத் தூரத்தை ஒரு கணத்துக்குச் சுருக்கிவிடுகிறது.

அந்தக் கணத்தில் மூளைக்குள் என்ன நடக்கக்கூடும் என்பதை நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸின் ஆய்வு காட்டுகிறது. எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அலுக்காத ஆய்வு அது. அவர் குரங்குகளின் நடுமூளையில் டோப்பமைன் என்ற, நரம்புகளிடையே செய்தி கடத்தும் இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக்கலங்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் வாயில் பழச்சாறு விழுந்தபோது அவை விரைந்து துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு வெளிச்சம் தோன்றும் என்று குரங்கு பழகிய பின்னர், அந்தத் துடிப்பு வெளிச்சத்துக்கு இடம் மாறியது. சொன்னபடி வந்த சாற்றுக்குத் தனித் துடிப்பே இல்லை. வெளிச்சம் தோன்றியும் சாறு வராதபோதோ, அது வந்திருக்க வேண்டிய அதே வேளையில் துடிப்பு வழமையிலும் கீழே இறங்கியது. ஒன்றும் நிகழாத கணத்தைக்கூட அக்கலங்கள் நேரம் தவறாமல் குறித்துக்கொண்டன! ஆக அவை அளப்பது பரிசை அன்று, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை என்று, 1997 இல் டயன், மொண்டாகு ஆகியோருடன் சேர்ந்து அவர் விளக்கினார்.

குரங்கில் கண்டதை அப்படியே பிள்ளையில் ஏற்றிவிடக் கூடாது. ஆயினும், முதற்கிழமையில் ஒவ்வொரு சோகியும் புதுமை, மூன்றாம் கிழமையில் அது கணக்குத் தீர்த்த கூலி என்று நினைக்க இடமுண்டு. கூட்டி முடித்துக் கை நீட்டும் பிள்ளையிடம் "பொறு, பிறகு தாறன்" என்றால், அவள் மனத்தில் அது தாமதமாக அன்று, இழப்பாகவே பதியக்கூடும்.

செவ்வரத்தைக் கேள்விக்கு விடை 1973 இல் வெளியான லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் ஆய்வில் உண்டு. வரைவதில் விருப்பமுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளுள், வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், பின்னர் மற்றவர்களின் பாதியளவு நேரமே வரைந்தனர். சொல்லாமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. நம் வீடுகளில் இதை ஆராயப் பெரிய கருவிகள் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற இடங்களுக்கு இத்தகைய சிறு ஆய்வுகளுக்கென்று நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அம்மா, கழுவிய கோப்பையின் ஈரம் காயுமுன் சோகியை அவள் கையில் கொடுங்கள். இடைக்கிடை, சொல்லாமல் ஒன்று கூட்டிக் கொடுங்கள். கோப்பை கழுவுவது பழக்கமான பிறகு அதற்கான சோகியை மெல்ல மெல்லக் குறையுங்கள். செவ்வரத்தைக்கு மட்டும் சோகி வைக்க வேண்டாம். புதுப் பூ விரிந்த காலையில் அவளோடு போய் நின்று பாருங்கள்.