காய்ச்சல் 'இருக்கும் வரை' வேறு, 'அன்டில்' வேறு

மார்த்தாண்டத்தில், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்காக அவர்கள் எழுதும் கடிதங்களைத் திருத்தும்போது ஸ்பெல்லிங் பிழைகள் என்னைப் பெரிதாகக் கவலைப்படுத்துவதில்லை. 'அன்டில்' (until) வரும் இடத்தில்தான் பேனா நின்றுவிடும்.

'காய்ச்சல் இருக்கும் வரை பாரசிட்டமால் கொடுக்கவும்' என்று நினைத்துக்கொண்டு, 'கிவ் பாரசிட்டமால் அன்டில் ஷீ ஹேஸ் ஃபீவர்' என்று எழுதிவிடுகிறார்கள். இலக்கணம் சரிதான். ஆனால் படிக்கும் ஆங்கிலேய டாக்டருக்கு என்ன புரியும்? காய்ச்சல் வரும்வரை கொடு, வந்ததும் நிறுத்து! மருந்து வேண்டிய நேரத்தில் நிறுத்தச் சொன்னதாகிவிடும்.

நம்முடைய 'வரை' இரண்டு வேலை பார்க்கிறது. 'காய்ச்சல் இருக்கும் வரை' என்றால் அந்த நிலை நீடிக்கும் காலம் முழுவதும். 'காய்ச்சல் விடும் வரை' என்றால் அது முடிகிற இடம். அன்டிலுக்கு இந்த இரண்டாவது வேலை மட்டும்தான் தெரியும். முதலாவதற்கு 'ஆஸ் லாங் ஆஸ்' வேண்டும். கன்னியாகுமரிப் படகுத்துறையில் 'கடல் சீற்றம் இருக்கும் வரை படகு ஓடாது' என்றாலும் 'கடல் அமைதியாகும் வரை படகு ஓடாது' என்றாலும் நமக்கு ஒன்றுதான். ஆங்கிலத்தில் அன்டில் போட்டால் பின்னால் கடல் அமைதியாவதுதான் வர வேண்டும், சீற்றம் வரக்கூடாது.

'டாக்டர் பார்க்காத வரை சாப்பாடு கொடுக்காதே' என்பதிலும் இதே சிக்கல்தான். அதை அப்படியே பெயர்த்து, அன்டிலுக்குப் பின்னால் ஒரு 'நாட்' சேர்த்துவிடுகிறார்கள். அந்த 'நாட்' வேண்டாம். 'டாக்டர் பார்க்கும் வரை' என்று மனதில் மாற்றிக்கொண்டு எழுதினால் சரியாக வந்துவிடும். நாளை நடக்கப்போவதாக இருந்தாலும் அங்கே 'வில்' வராது. 'அன்டில் தி டாக்டர் சீஸ் ஹிம்', அவ்வளவுதான்.

'டில்' என்பது அன்டிலின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 'டில்'தான் பழைய சொல். அதற்கு இரண்டு எல், அன்டிலுக்கு ஒன்று.

அப்புறம் தேதி. நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். 31-ஆம் தேதியையும் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு வரும். குளச்சலில் யாருக்கும் இதில் சந்தேகம் இல்லை. ஆனால் 'ஆன்டிபயாடிக் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிக்கிழமையும் மருந்து உண்டா இல்லையா என்று அடுத்த ஷிஃப்டில் வருபவர் யோசித்து நிற்பார். ஆங்கிலேயர்களுக்கே அங்கே குழப்பம் வருவதால்தான், கவனமாக எழுதுபவர்கள் 'அப் டு அண்ட் இன்க்ளூடிங்' (அந்த நாள் உட்பட) என்று நீட்டி எழுதுகிறார்கள். நர்ஸ்களிடம் நான் சொல்வது இன்னும் எளிது. அன்டிலையே விட்டுவிட்டு, 'லாஸ்ட் டோஸ்: ஃப்ரைடே, டென் பி.எம்.' என்று எழுதுங்கள்.