முட்டி கால்விரலைத் தாண்டலாமா?

"முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு மேடம்."

இடுப்பு வலியோடு வந்திருந்த 42 வயது வங்கி ஊழியர் சொன்னது இது. ஜிம்மில் சேர்ந்து நான்கு மாதம். வெறுங்கையோடு ஒரு ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி, போடச் சொன்னேன். முட்டியை இம்மியும் முன்னே விடாமல் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனார். பாதி தூரத்திலேயே உடம்பு சாஷ்டாங்கமாக விழப்போகிறவர் போலக் குனிந்துவிட்டது. தோளில் 60 கிலோ ராடு இருந்தால் அந்த முதுகு என்ன பாடுபடும்?

மாஸ்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பிசியோதெரபி வகுப்பிலும் இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் உட்கார்ந்து எழும்போது உடம்பும் எடையும் சேர்ந்து நடுப்பாதத்துக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவோம். முட்டியைத் தடுத்தால் இடுப்பு பின்னே போகும். அதை ஈடுகட்ட முதுகு முன்னே சாயும். 2003இல் ஃப்ரை என்பவரும் சக ஆய்வாளர்களும் எடைப்பயிற்சி செய்யும் 7 ஆண்களை வைத்து இதை அளந்தார்கள். முட்டிக்கு முன்னால் பலகை வைத்துத் தடுத்தபோது முட்டியின் முறுக்குவிசை (மூட்டைச் சுழற்றப் பார்க்கும் விசை) 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117க்கு இறங்கியது. இடுப்பு மூட்டிலோ 28லிருந்து 303க்கு ஏறியது. ஏழே பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் முட்டியில் குறைத்த சுமை எங்கே போய் இறங்குகிறது என்பது புரிகிறதல்லவா?

"அதை மறந்துடுங்க சார். சின்ன வயசுல தோப்புக்கரணம் போட்ட மாதிரி உட்காருங்க" என்றேன். முதுகு நிமிர்ந்தது. ஆனால் பாதிக்குக் கீழே போனதும் வலது குதிகால் தரையை விட்டு எழும்பியது.

பார்ப்பது பாதி வேலைதான். ஏன் அப்படி அசைகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் மீதி. மூட்டு வளையவில்லையா, தசைக்கு வலு போதவில்லையா, பயமா, இல்லை யாரோ சொன்னதை அப்படியே செய்கிறாரா? வெளியே தெரியும் கோணல் நான்கிலும் ஒன்றாகவே இருக்கலாம். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்ப்பேன். ராடில் மாட்டும் இரண்டரை கிலோ எடைத்தட்டு (பிளேட்) இரண்டை அவர் குதிகால்களுக்கு அடியில் வைத்தேன். முழுதாக இறங்கினார், முதுகும் சாயவில்லை. அப்படியென்றால் சிக்கல் கணுக்காலில். சுவருக்கு எதிரே பாதத்தை வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்லி, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். இடது 10 செ.மீ., வலது 6. கேட்டால், கல்லூரியில் வாலிபால் ஆடும்போது சுளுக்கியதாம். அதோடு விட்டதாம்.

பலர் முதல் நாளே "உங்க உடம்புல இந்தக் குறை இருக்கு" என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள். எஃப்.எம்.எஸ். (ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்கிரீன்) என்றொரு பிரபலமான அசைவுச் சோதனை: ஏழு அசைவுகள், மொத்தம் 21 மதிப்பெண். தீயணைப்பு வீரர்களுக்கு அதை நடத்திவிட்டு, எதற்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லி, உடனே மறுபடி செய்யச் சொன்னது ஓர் ஆய்வு. மதிப்பெண் ஏறிவிட்டது. அந்த இடைவெளியில் யாருடைய தசையும் வளரவில்லை! எனவே வேறு விதமாகச் சொல்லிப் பார்க்காமல் யாருக்கும் குறை எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். "முதுகை நேரா வை, வயித்தை இறுக்கு, முட்டியை வெளிய தள்ளு, மூச்சை விடு" என்று ஒரே கவுண்டில் நான்கு கட்டளை கேட்டால் எனக்கே கால் பின்னிக்கொள்ளும். செட் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னால் போதும். அதுவும் உடல் உறுப்பைப் பற்றி இல்லாமல், வெளியே உள்ள ஒரு பொருளைப் பற்றி இருந்தால் பெரும்பாலும் சீக்கிரம் பிடிபடும். உடல் அசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்று ஆராயும் கேப்ரியேல் வுல்ஃப் 1990களிலிருந்தே இதை ஆராய்ந்து வருகிறார். "தொடையை இறுக்குங்க" என்பதைவிட "தரையைத் தள்ளுங்க" எடுபடுகிறது. தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டுக்கு நான் சொல்வது: "ரெண்டு கையிலும் காய்கறிப் பை. ஃபிரிட்ஜ் கதவைப் பின்பக்கத்தால சாத்துங்க." வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் இதை முதல் முறையிலேயே செய்துவிடுவார்கள். ஆண்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அவருடைய இடுப்பு வலிக்குக் கணுக்கால் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லமாட்டேன். அவருடைய ஜிம் நோட்டைப் புரட்டினால், மூன்றே வாரத்தில் 40 கிலோவிலிருந்து 70க்குத் தாவியிருந்தார். ஸ்குவாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தத் தாவலை உடம்பு மன்னிக்காது. எடையை 40க்கு இறக்கினோம். பிளேட் குதிகாலுக்கு அடியிலேயே இருந்தது, கணுக்காலுக்குத் தினமும் சுவர்ப் பயிற்சி. இந்த மாதிரி வலி காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ ஜிம்மை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினாலும், பிறப்புறுப்புப் பகுதி மரத்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பாமல், மொபைலை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லியிருந்தேன். முதல் கவுண்ட் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். நான் பார்ப்பது கடைசி இரண்டை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. மொபைலைத் தரையில் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறார். முதுகும் தெரியவில்லை, முட்டியும் தெரியவில்லை. வலது குதிகால் மட்டும் திரை முழுக்கத் தெரிந்தது. அடியில் பிளேட் இல்லை. எட்டாவது கவுண்டிலும் அது எழவில்லை.