வெயிலுக்கு லினன் தொப்பி: நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வாங்குங்கள்

முகத்தில் கருந்திட்டாகப் படரும் மங்குக்கு மருந்து கேட்டு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, வெளியே போகும்போது தலையில் என்ன போடுகிறீர்கள் என்றுதான். முந்தானை, துப்பட்டா, சிலருக்குக் குடை. சமீப காலமாக லினன் தொப்பி என்ற பதிலும் வருகிறது. காலை நடைக்குப் போகிறவர்கள், மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள், பள்ளி வாசலில் பிள்ளைக்காக நிற்கிறவர்கள், களப்பணியில் இருக்கிறவர்கள் எல்லாரும் தொப்பி போட ஆரம்பித்திருப்பது தோல் மருத்துவராக எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தால், பல நேரம் அது தலைமுடியைத்தான் காக்கிறது. மங்கு படர்ந்திருக்கும் கன்னமும் மேலுதடும் வெயிலிலேயே கிடக்கின்றன.

முதலில் வெயிலைப் பற்றிக் கொஞ்சம். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. மாலை ஐந்து மணிக்குத் தார் ரோடு அனலாகக் கொதிக்கலாம், ஆனால் அந்நேரம் புற ஊதாக் கதிர் வெகுவாகக் குறைந்திருக்கும். காலை பதினோரு மணிக்குக் கடற்காற்று சில்லென்று அடிக்கலாம், கதிரோ உச்சத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். காலை 10 முதல் மாலை 4 வரை கவனம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். இன்னொன்று, நம் ஊரில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது. சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் மறுமுறை. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் இரண்டாம் வாரமும் செப்டம்பர் தொடக்கமும். அக்னி நட்சத்திரம் முடிந்ததும் தொப்பியைப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆகஸ்டு வெயில் உடம்புக்கு இதமாகத் தெரிந்தாலும் தோலுக்கு இதமில்லை.

இப்போது தொப்பிக்கு வருவோம். கிரிக்கெட் வீரர்கள் போடுவது போன்ற, முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் நெற்றியையும் மூக்கையும் மறைக்கும். காது, கழுத்து, கன்னத்தின் பக்கவாட்டு எதையும் மறைக்காது. மங்கு அதிகம் வரும் இடமே கன்ன எலும்பு மேடுதான். அதனால் சுற்றிலும் விளிம்பு உள்ள தொப்பிதான் வேண்டும், அகலம் 7.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 1981 முதல் பொதுமக்களிடையே பெரிய அளவில் வெயில் விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்திவரும் ஆஸ்திரேலியாவில் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பினர் அகன்ற விளிம்புக்குச் சொல்லும் அளவும் இதுதான்.

இந்த 7.5 செ.மீ. எவ்வளவு தூரம் உதவும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியன் உச்சியில் இருந்தால் முகம் முழுவதும் நிழல். அது 45 பாகைக்கு இறங்கிவிட்டால், விளிம்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் நிழல் கீழே இறங்கும். அதாவது புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை. மேலுதடு அரைகுறைதான். மேலுதட்டில் மீசை போலக் கருமை படர்ந்து சங்கடப்படும் பெண்களுக்கு நான் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்த விளிம்பைச் சொல்வது இதனால்தான். அழகுக்காக முன்பக்கத்தை மேலே மடித்துவிடும் மாதிரி அவர்களுக்கு ஆகவே ஆகாது. கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்பதோடு விடாமல், வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு செல்ஃபி எடுத்துப் பாருங்கள். நிழல் எங்கே முடிகிறதோ, அதுவரைதான் அந்தத் தொப்பி உங்களுக்குப் பயன்.

விளிம்பின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கடல் மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் கீழிருந்து வரும் ஒளி அதில் பட்டு முகத்துக்கே திரும்பும். அங்கே அடர்நிறத் துணி வைத்துத் தைத்திருந்தால் நல்லது.

சரி, துணி. லினன் ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார். நம் நாட்டில் ஆளி பெரும்பாலும் விதைக்காகவே பயிராகிறது. துணிக்கான நார் ஐரோப்பாவில், முக்கியமாக பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் விளைகிறது. அதனால்தான் விலையும் கூடுதல். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து பிடித்துவைக்கும் என்றால், லினன் 12 சதவீதம் வரை பிடிக்கும். வியர்வையை உறிஞ்சி, சீக்கிரம் காயவும் செய்யும். நெற்றியில் ஒட்டாது. தொப்பியைக் கழற்றி எறியத் தூண்டுவது பெரும்பாலும் புழுக்கமும் நசநசப்பும்தான் என்பதால் இந்தக் குணத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் லினன் என்ற பெயர் மட்டும் வெயிலைத் தடுக்காது. காற்றோட்டத்துக்காக இழைகளைத் தள்ளித்தள்ளி நெய்த மெல்லிய துணியில் புற ஊதாக் கதிர் தாராளமாக நுழையும். தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிச்சம் தெரிந்தால் அந்த ஓட்டைகள் உங்கள் கன்னத்துக்கு மேலே இருக்கப்போகின்றன. நெருக்கமான நெசவு, இரண்டு அடுக்குத் துணி, அல்லது உள்ளே பருத்தி லைனிங் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தில், பளீர் வெள்ளையாக வெளுத்த லினனைவிட, வெளுக்காத இயற்கை மண்நிறம் நல்லது, நாரிலேயே இருக்கும் நிறப்பொருள்கள் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்நிறம் அதைவிட நல்லது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கவைக்கிறது, ஆகவே அடர்த்தியான துணிக்கு இரட்டைப் பலன். சில தொப்பிகளில் யூபிஎஃப் 50 என்ற சீட்டு இருக்கும். படும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம்தான், துணியைத் தாண்டும் என்று அர்த்தம். அது துணிக்கான கணக்கு. விளிம்பு குறுகலாக இருந்தால் அந்த 50 முகத்துக்கு ஒன்றும் செய்யாது.

லினன் மாதிரி தோற்றத்தில் பாலியஸ்டரும் நிறைய விற்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், நல்ல லினன் உடனே குடித்துவிடும். கையில் பிடித்துக் கசக்கினால் சுருக்கம் விழும். தடிப்பும் மெலிவுமாக இழைகள் ஒழுங்கில்லாமல் ஓடும். பருத்தியும் லினனும் கலந்த துணி மோசமில்லை, வாங்கலாம்.

அளவு விஷயத்தில்தான் நம் பெண்களுக்குச் சிரமம். காதுக்குச் சற்று மேலே, புருவத்துக்கு ஒரு விரல் மேலே இஞ்ச் டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தலை பின்னி, கொண்டை போட்டு, அப்புறம் பூவும் வைக்கிறவர்களுக்குத் தொப்பி பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்பக்கம் பிளவோ, நாடாவோ உள்ளதைத் தேடுங்கள். முதல் சலவையில் லினன் சற்றுச் சுருங்கும் என்பதால் ஒரு விரல் நுழையும் இடம் வேண்டும். இறுக்கமான எலாஸ்டிக் வைத்ததைத் தினமும் மணிக்கணக்கில் போட்டால், நெற்றியில் தழும்பு போல ஒரு கருங்கோடு விழும், முன்முடியும் இழுபட்டு உதிரும். நெற்றிப்பட்டி ரெக்சினாக இருந்தால் வேண்டாம், பருத்தியாக இருக்கட்டும். ஸ்கூட்டியில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் இந்தத் தொப்பியைப் போடவே கூடாது. ஹெல்மெட் சரியாக உட்காராது, விழுந்தால் தலைக்குப் பாதுகாப்பு இருக்காது. வண்டியை நிறுத்திய பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் முக்கியம் நெற்றிப்பட்டிதான். எண்ணெய், வியர்வை, சன்ஸ்கிரீன், பொடுகுச் செதில் எல்லாம் அங்கேதான் சேரும். துவைக்காமலே நாள்கணக்கில் போடுகிறவர்களுக்கு முடியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வருவதைப் பார்க்கிறேன். கோடையில் தினமும் போட்டால் வாரம் ஒருமுறையாவது அலசுங்கள். சாதாரணத் தண்ணீர், மிதமான சோப்புத் தூள், பட்டியை மட்டும் பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். விளிம்புக்குள் அட்டை வைத்துத் தைத்திருந்தால் முக்கி ஊறவைக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் ஒற்றி, சொம்பையோ சிறு குடத்தையோ கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் காயவிட்டால் வடிவம் கெடாது. பேனும் படர்தாமரையும் தொப்பி வழியாக ஒட்டிக்கொள்ளலாம், ஆகவே வீட்டில் ஆளுக்கொரு தொப்பி.

போர்வெல் தண்ணீரில் துவைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில சன்ஸ்கிரீன்களில் அவோபென்சோன் என்ற பொருள் இருக்கும். அது தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்தால் துரு நிறத்தில் கறை பிடிக்கும். கறையைப் பார்த்துப் பயந்து பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும், நாரும் நைந்துபோகும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, சுத்தமாக அலசிவிடுங்கள், சாறு துணியிலேயே காய விடாதீர்கள். அப்புறம் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும், மாதக்கணக்கில் போகாத கருந்திட்டும் வரும்.

இஸ்திரி போடுவதானால் லேசான ஈரத்தோடு போடுங்கள், லினன் நல்ல சூடு தாங்கும். ஆனால் ஒரே இடத்தில் கூர்மையாக மடித்து மடித்து வைத்தால் அந்த மடிப்பிலேயே நார் முறியும். விளிம்பில் வெடிப்பு விழுந்தோ, துணி இளைத்து வெளிச்சம் ஊடுருவியோ போனால் மாற்றிவிடுங்கள்.

உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும், வெயிலில் கூடும் லூபஸ் நோய் உள்ளவர்களுக்கும், தோலை வெயில் தாங்காமல் செய்யும் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் தொப்பி மட்டும் போதாது. சன்ஸ்கிரீன், முழுக்கைச் சட்டை, குடை எல்லாம் சேர வேண்டும். வைட்டமின் டி குறைந்துவிடுமோ என்று கேட்கிறவர்களுக்கு: தொப்பி மறைப்பது முகத்தை, கையும் காலும் இருக்கின்றன.

மழைக்காலத்தில் எடுத்துவைக்கும்போது துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு வையுங்கள். கஞ்சி போட்டு வைத்தால் பூச்சியும் பூசணமும் தேடி வரும். பாலித்தீன் பைக்குப் பதில் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அதிலுள்ள நாப்தலீன் ரத்த அணுக்களைச் சிதைத்து, மஞ்சள்காமாலை வரை கொண்டுபோய்விடும்.