மோட்டார் டைமிங்: எண்ட்பெல்லைப் பத்து டிகிரி திருப்பினால் உள்ளே நடப்பது என்ன?

பேட்டரி அதேதான், சுருளும் அதேதான். ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) காரின் பிரஷ்லெஸ் மோட்டாரில் எண்ட்பெல் எனப்படும் பின்பக்க மூடியின் ஸ்குரூக்களைத் தளர்த்தி, அதைப் பத்து டிகிரி திருப்பி மறுபடி முடுக்கினால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மளமளவென்று ஏறிவிடுகிறது. இந்த வேகம் சும்மா வரவில்லை. கீழ்வேகத்தில் இழுவை குறைகிறது, மோட்டார் அதிகம் சூடாகிறது. டைமிங் வைப்பது என்பது இந்த இரண்டையும் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளலாம் என்று பார்த்து முடிவெடுக்கும் வேலை.

பத்தில் ஒரு பங்கு அளவுக் கார்களில் வழக்கமாக இருக்கும் 540 மோட்டாரை எடுத்துக்கொள்வோம். நடுவில் சுழலும் ரோட்டார் இருதுருவக் காந்தம். சுற்றிலும் அசையாத பகுதியான ஸ்டேட்டரில் மூன்று சுருள்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான இஎஸ்சி ஒரு நேரத்தில் இரண்டு சுருள்களுக்கு மின்சாரம் கொடுத்து மூன்றாவதைச் சும்மா விடும்; ஒரு சுற்றுக்குள் இப்படி ஆறு முறை மாற்றிக்கொடுக்கும். 40,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 1.5 மில்லிசெகண்ட். அதில் ஒரு சுருள் ஜோடியின் முறை வெறும் 0.25 மில்லிசெகண்ட்.

சுருளுக்கு மின்தூண்டல் குணம் உண்டு. வோல்டேஜ் கொடுத்த கணமே மின்னோட்டம் முழு அளவுக்குத் தாவாது, ஏறித்தான் வரும். மெதுவாகச் சுற்றும்போது இந்தத் தாமதம் கணக்கிலேயே வராது. உச்ச வேகத்திலோ, மின்னோட்டம் ஏறி முடிப்பதற்குள் அந்தச் சுருளின் முறையே முடிந்துபோகும். ஆகவே காந்தம் சரியான இடத்துக்கு வரும் முன்பே சுருளை ஆன் செய்துவிடுகிறார்கள். எத்தனை டிகிரி முன்பாக என்பதுதான் டைமிங்.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. காந்தம் சுழலச் சுழல, சுருளில் பேட்டரிக்கு எதிராக ஒரு வோல்டேஜ் உண்டாகிறது. எதிர் மின்னியக்கு விசை என்பது இதைத்தான். வேகம் கூட இதுவும் கூடி, ஒரு கட்டத்தில் பேட்டரியால் மேலே மின்னோட்டம் தள்ள முடியாத நிலை வரும். மோட்டாரின் உச்ச வேகம் அங்கேதான் நிற்கிறது. டைமிங்கை முன்னுக்குத் தள்ளினால், எதிர் விசை உச்சத்துக்கு வரும் முன்பே மின்னோட்டம் உள்ளே நுழைந்துவிடும். அப்படி நுழைந்ததில் ஒரு பகுதி ரோட்டாரைத் திருப்பும் வேலையைச் செய்யாமல் ரோட்டாரின் காந்தப் புலத்தையே பலவீனப்படுத்துகிறது. புலம் குறைந்தால் எதிர் விசையும் குறையும், மோட்டார் இன்னும் வேகமாக ஓடும். ஆனால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் திருப்புவிசை குறைந்துவிடும். அதே இழுவை வேண்டுமானால் கூடுதல் ஆம்பியர் போகவேண்டும். சுருளின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், மின்னோட்டம் 10 சதவீதம் கூடினாலே சூடு 21 சதவீதம் கூடிவிடும்.

டிகிரியை நேரமாக மாற்றிப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். 30 டிகிரி என்பது 40,000 ஆர்பிஎம்மில் 0.125 மில்லிசெகண்ட். அதே 30 டிகிரி 4,000 ஆர்பிஎம்மில் 1.25 மில்லிசெகண்ட், பத்து மடங்கு. மேல்வேகத்துக்குப் பொருத்தமான டைமிங், டிராக்கின் வளைவிலிருந்து கார் கிளம்பும்போது தேவைக்கு மீறியதாகிவிடுகிறது. நேர்ப்பாதையில் சீறும் கார் வளைவு முடிந்ததும் மந்தமாக எழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சென்சார் உள்ள மோட்டாரில் எண்ட்பெல்லுக்குள் ஒரு சிறிய போர்டு, அதில் காந்தப் புலத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்கள். ரோட்டார் எங்கே நிற்கிறது என்று இஎஸ்சிக்குச் சொல்வது அவைதான். எண்ட்பெல்லைத் திருப்பும்போது போர்டு நகர்கிறது, சென்சார்கள் காந்தத்தைக் கொஞ்சம் முன்னதாகவே பார்க்கின்றன, அவ்வளவுதான். வெளியே ஒட்டியிருக்கும் டிகிரி ஸ்டிக்கரை அப்படியே நம்பவேண்டாம். ஒரு கம்பெனியின் 30-ம் இன்னொரு கம்பெனியின் 30-ம் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று சென்சார்களும் அச்சு பிசகாமல் 120 டிகிரி இடைவெளியில் உட்கார்ந்திருப்பதும் அபூர்வம். மோட்டாரைச் சோதிக்கும் கருவியான மோட்டார் செக்கரில் மாட்டினால் மூன்றின் டைமிங்கும் தனித்தனியாகத் தெரியும். சில டிகிரி வித்தியாசம் சகஜம். ஸ்டிக்கர் எண்ணை, முன்பு வைத்த இடத்துக்கே திரும்பிவர உதவும் அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இஎஸ்சி வழியாகக் கொடுக்கும் டைமிங் வேறு. பூஸ்ட், ஆர்பிஎம்மைப் பார்த்து ஏறும். பூஸ்ட் 30 டிகிரி, தொடக்கம் 10,000, முடிவு 25,000 என்று வைத்தால் ஒவ்வொரு 500 ஆர்பிஎம்முக்கும் ஒரு டிகிரி சேரும். 16,000-ல் 12 டிகிரி வந்திருக்கும். டர்போ, முழுத் திராட்டிலில் குறிப்பிட்ட நேரம் நின்ற பிறகுதான் எழும். ஆகவே அது நீண்ட நேர்ப்பாதைக்கு மட்டும். எண்ட்பெல், பூஸ்ட், டர்போ மூன்றும் கூட்டல் கணக்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூஸ்ட் அதிகம் வைக்கப்போகிறீர்கள் என்றால் எண்ட்பெல்லைக் கீழே இறக்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். பூஸ்ட் அனுமதிக்கப்படாத ஸ்டாக் பந்தயப் பிரிவில் இஎஸ்சியை டைமிங் பூஜ்ஜியமான பிளிங்கி மோடில் வைத்து, விளக்கு மினுக்குவதைக் காட்டவேண்டும். அங்கே கையில் இருப்பது எண்ட்பெல் ஒன்றுதான்.

டைமிங் வைக்கும்போது முதலில் மோட்டார் ஷாப்டில் இருக்கும் சிறிய பல்சக்கரமான பினியனைக் கழற்றிவிடுங்கள், அல்லது மோட்டாரைத் தள்ளி, பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரிலிருந்து விலக்கிவிடுங்கள். பழைய நிலையை மெல்லிய மார்க்கரால் எண்ட்பெல்லிலும் கேனிலும் (மோட்டாரின் வெளிக்கூடு) சேர்த்து ஒரு கோடாகப் போட்டுவிடுங்கள். ஸ்குரூக்களை முழுக்கக் கழற்றாமல், எண்ட்பெல் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தினால் போதும். திருப்பியபின் ஒன்றை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரு பக்கம் முதலில் இறுகினால் எண்ட்பெல் சாய்ந்து பேரிங் நெருடும். லோடு இல்லாமலே மின்னோட்டம் ஏறும். அதை டைமிங்கின் விளைவு என்று தப்பாக எடுத்துக்கொள்வோம். முடுக்கியதும் ஷாப்டை விரலால் சுற்றிப் பாருங்கள். காந்தத்தின் தடுக்கல் சம இடைவெளியில் வரும். நெருடல் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிடிக்கும்.

செக்கர் இருந்தால் குறைந்த குறியில் தொடங்கி, வோல்டேஜை மாற்றாமல், ஐந்தைந்து டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஆர்பிஎம்மையும் ஆம்பியரையும் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஆர்பிஎம் நன்றாக ஏறும், ஆம்பியர் கொஞ்சமாகத்தான் கூடும். ஒரு குறிக்கு மேல் ஆம்பியர் குதிக்கும், ஆர்பிஎம்மோ அசைந்து கொடுக்காது. அந்த இடத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே நிறுத்துவது நல்ல தொடக்கம். லோடு இல்லாமல் முழு வேகத்தில் சில நொடிகளுக்கு மேல் ஓட்டவேண்டாம்.

பெஞ்சில் கிடைத்த எண் பாதி வேலைதான், மீதி கியரில் இருக்கிறது. ஸ்பர் 72 பல், பினியன் 24 பல், காரின் உள் விகிதம் (ஸ்பருக்குப் பிறகு சக்கரம் வரை உள்ள கியர் விகிதம்) 2.6 என்றால் இறுதி விகிதம் 7.8. பினியனை 23 ஆக்கினால் 8.14. ஒரே ஒரு பல்லுக்கு நான்கு சதவீதத்துக்கு மேல் மாறுகிறது. டைமிங்கைக் கூட்டினால் பினியனில் ஒரு பல் குறைக்கவேண்டிவரும். டைமிங் தந்த ஆர்பிஎம், குறைந்த கியரில் இழந்த வேகத்தை ஈடுகட்டும், போன இழுவையைக் கியர் மீட்டுத்தரும். நெருக்கமான வளைவுகள் உள்ள டிராக்கில் குறைந்த டைமிங்கும் பெரிய பினியனும், நீளமான டிராக்கில் கூடுதல் டைமிங்கும் சின்னப் பினியனும் என்று தொடங்கலாம். டைமிங்கையும் பினியனையும் ஒரே நேரத்தில் மேலே ஏற்றுவதுதான் மோட்டார் கருகும் வழி.

இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டுச் சூட்டைப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கேன்மீது சிறு துண்டு மங்கலான கறுப்பு டேப் ஒட்டி, எப்போதும் அதில்தான் அளக்கவேண்டும். நிறுத்திய உடனே ஒருமுறை, ஒரு நிமிடம் கழித்து மறுமுறை. ரோட்டாரிலும் சுருளிலும் தேங்கிய சூடு வெளியே வந்து இரண்டாவது எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஓட்டம் முடியும்போது 70 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டினால் முதலில் பினியனைக் குறையுங்கள், பிறகு டைமிங்கை.

சூடு ஏறினால் செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். நியோடிமியம் காந்தத்தின் பலம் சுமார் 0.1 சதவீதம் குறையும். ஆறினால் இரண்டும் திரும்பிவிடும். எல்லை மீறிச் சூடான காந்தம் மட்டும் ஒரு பகுதியை நிரந்தரமாக இழந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், பலவீனமான ரோட்டார் லோடு இல்லாதபோது முன்பைவிட வேகமாகச் சுற்றும், கேவி (ஒரு வோல்ட்டுக்குக் கிடைக்கும் ஆர்பிஎம்) ஏறிக் காட்டும். மோட்டார் பழகிவிட்டது என்று மகிழ்வார்கள். அதே டைமிங்கில் ஆர்பிஎம்மும் ஆம்பியரும் சேர்ந்து உயர்ந்து, டிராக்கில் இழுவை குறைந்தால் ரோட்டாரை மாற்றும் காலம் வந்துவிட்டது.

திசையும் முக்கியம். எண்ட்பெல் டைமிங் ஒரு திசைக்கு மட்டுமே முன்னோக்கி வேலை செய்யும். எதிர்த்திசையில் அதே 30 டிகிரி பின்தங்கலாகிவிடும். கியர் அமைப்பினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றவேண்டிய காரில், இஎஸ்சி அமைப்பில் திசையை மாற்றிவிட்டு ஸ்டிக்கர் டைமிங்கை அப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் கொதிக்கும். சென்சார் மோட்டாரில் இஎஸ்சியையும் மோட்டாரையும் இணைக்கும் ஏ, பி, சி ஒயர்களை இடம்மாற்றித் திசையை மாற்ற முயலவே கூடாது, இஎஸ்சியே போய்விடலாம். சென்சார் இல்லாத மோட்டாரில் எந்த இரண்டு ஒயரையும் மாற்றலாம். அதற்கு எண்ட்பெல் டைமிங் கிடையாது. சும்மா இருக்கும் சுருளின் எதிர் வோல்டேஜ் பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணத்தை இஎஸ்சி பிடிக்கிறது. அங்கிருந்து 30 டிகிரி காத்திருந்து மாற்றினால் டைமிங் பூஜ்ஜியம், காத்திருக்காமல் உடனே மாற்றினால் 30.