டிக் வெல்டிங்கில் புகையே வராதே என்பவர்களுக்கு

சென்ற வாரம் ஓர் இளைஞர் வந்தார். தன் பழைய எஞ்சினுக்கு அலுமினியத்தில் இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) ஒன்றை வீட்டிலேயே டிக் வெல்டிங்கில் செய்துகொண்டிருக்கிறார். டங்ஸ்டன் முனையிலிருந்து ஆர்க் என்னும் மின்பொறியை எழுப்பி, ஆர்கான் வாயுவால் காற்றை விலக்கிச் செய்வதுதான் டிக். வெல்டு முழுவதும் பொத்தலாக வருகிறது, ஏன் என்று கேட்டார். கேட்கும்போதே இடைவிடாமல் இருமினார்.

"எதைக் கொண்டு துடைத்தீர்கள்?"

"பிரேக் கிளீனர் அடித்தேன் மாஸ்டர். காய்வதற்குள் ஆர்க் பிடித்துவிட்டேன்."

பொத்தலைப் பற்றிய பேச்சை அத்துடன் நிறுத்தி, அவரை மருத்துவமனைக்கு அனுப்பினேன். இதே பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்கப் போகிறேனோ!

"டிக் வெல்டிங்கில் புகை வராது, அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை" என்கிறார்கள். சாதாரண வெல்டிங் ராடில் பெரும்பாலான புகை அதன் மேல்பூச்சு எரிவதால் வருகிறது. டிக்கில் அந்தப் பூச்சு இல்லை, ஆகவே புகை குறைவு. அவ்வளவுதான். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் எங்கும் போய்விடவில்லை. பளபளக்கும் அலுமினியம் அதைத் திருப்பி வீசுகிறது, சுற்றியுள்ள காற்றில் ஓசோன் உருவாகிறது. பல பிரேக் கிளீனர்களில் இருக்கும் குளோரின் கலந்த கரைப்பானின் ஆவி அந்த வெப்பத்திலும் கதிரிலும் சிதைந்தால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு! கண்ணுக்குத் தெரியாது. மக்கிய வைக்கோல் வாசனை என்பார்கள், மூக்கை நம்பாதீர்கள். முதலில் லேசான இருமலோடு நின்றுவிடும். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்து, சிலருக்கு 48 மணி நேரம் வரை தாமதித்து நடக்கும். படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கும் அந்த இரவுதான் ஆபத்து.

டப்பாவில் டெட்ராகுளோரோஎத்திலீன், மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால் அதை வெல்டிங் நடக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அசிட்டோனால் துடையுங்கள், முழுவதும் காயவிடுங்கள், தீப்பிடிக்கும் அந்த டப்பாவைத் தூர வையுங்கள். அதன் பிறகு, அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேயுங்கள். பழைய வார்ப்பாக இருந்தால் எண்ணெய் உள்ளே ஊறியிருக்கும். மிதமாகச் சூடாக்கி, கசிவதைத் துடைத்துத் துடைத்து எடுக்கப் பொறுமை வேண்டும்.

ஆர்கானைக் காற்று கலைத்துவிடும் என்று கதவு, ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மூடிய இடத்தில் சுவாசிக்கும் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். வெல்டின் மேல் நேராக வீசாதபடி காற்றோட்டம் வையுங்கள், போதும். புற ஊதாக் கதிர் தோலைச் சுடும், அரைக்கைச் சட்டை கூடாது. சிவப்பு முனை டங்ஸ்டனில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது, தீட்டும் தூசி மூக்கில் போக வேண்டாம். லாந்தனம் கலந்ததே இதற்குப் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெல்டு கண்ணுக்கு அழகாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்று பொருளில்லை. சூடேற்றிப் பதப்படுத்தி வலுவாக்கிய 6061-டி6 ரக அலுமினியம், வெல்டுக்குப் பக்கத்தில் தன் வலுவில் பெரும்பகுதியை இழக்கிறது. 5356 ஃபில்லர் ராடு (உருக்கி இணைப்பில் சேர்க்கும் கம்பி) 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யும் இடத்துக்கு ஏற்றதல்ல, நாளடைவில் விரிசல் விடும். எஞ்சின் மேனிஃபோல்டுக்கு 4043 எடுங்கள். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு போன்ற, அதிக விசை தாங்கும் பாகங்களைத் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள்.

வெல்டிங் செய்த நாளிலோ மறுநாளிலோ இருமலும் நெஞ்சு இறுக்கமும் வந்தால், துடைக்கப் பயன்படுத்திய டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். வெல்டிங் செய்தேன் என்று மட்டும் சொல்லாமல், எதைத் தெளித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.